என் பேர நானே சொல்லி முடிக்கறேன், கொஞ்சம் பொறுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன், பொறந்த ஊரு காரிமங்கலம் பக்கம், வயசு 31. உங்க பேப்பர எங்க மாமனார் காலத்துல இருந்து எங்கூட்ல வாங்கறோம், ஆனா உங்களுக்கு எழுதறது இதான் முதல் தடவ. எனக்கு சின்ன வயசுல இருந்து பேச்சு திக்கும். ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்க போறாங்க, என் பையனுக்கு நாலு வயசு, எல்.கே.ஜி. போறான், அவனுக்கும் ஏழு மாசமா திக்குது. முதல் நாள் டீச்சர் எல்லா புள்ளைங்களயும் ஒவ்வொண்ணா எழுப்பி நிக்க வச்சு பேரு கேப்பாங்க இல்லயா, அத நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, அதான் இந்த லெட்டர்.

திக்கறதுன்னா "ப ப ப"ன்னு சொல்றது மட்டும்னு தான் நெறய பேரு நெனச்சுட்டு இருக்காங்க. அது ஒரு வகை. எழுத்த இழுத்துட்டே போறது இன்னொரு வகை. எனக்கு இருக்கறது மூணாவது, அடைச்சுக்கறது. வார்த்த தொண்டைல வந்து நிக்கும், என்ன சொல்லணும்னு எனக்கு நல்லா தெரியும், வாயும் தொறந்து இருக்கும், ஆனா சத்தமே வராது. அஞ்சு செகண்டு, சில நேரம் பத்து செகண்டு கூட ஆகும். அந்த பத்து செகண்டுல எதிர்ல நிக்கறவங்க என்ன பத்தி ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க, அதான் பிரச்சனயே. "ப ப ப"ன்னு சொன்னா சரி இந்த பொண்ணுக்கு திக்குதுன்னாவது புரியும். சத்தமே வராம முழிச்சுட்டு நின்னா என்னன்னு புரிஞ்சுக்குவாங்க, பயந்தவங்கறாங்க, பொய் சொல்ல யோசிக்கறாங்கறாங்க, திமிரு புடிச்சவ பதில் சொல்ல மாட்டேங்கறாங்கறாங்க, ஒரு தடவ ஒரு ஆபீஸ்ல என் பக்கத்துல நின்ன எங்கம்மாவ பாத்து "பொண்ணுக்கு காது கேக்காதாம்மா"ன்னு கேட்டாங்க.

இதுல ரொம்ப கஷ்டமானது சொந்த பேரு தாங்க. மத்த வார்த்த வரலன்னா நாங்க மாத்திக்குவோம், "தண்ணி" வராதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா "குடிக்க ஏதாச்சும்"னு கேப்போம், வாக்கியத்தயே திருப்பி போடுவோம், திக்கறவங்க எல்லாருக்கும் இந்த கணக்கு மனசுல ஓடிட்டே இருக்கும். பேர மாத்த முடியாது. புதுசா ஒருத்தர பாத்தா மொதல்ல கேக்கறதே பேரு தான். என் பேரு "ப"ல ஆரம்பிக்கும், என் ஊரு "கா"ல ஆரம்பிக்கும், ரெண்டும் எனக்கு அடைக்கற எழுத்து. காலேஜ் படிக்கும்போது பஸ்ல சில்லறய சரியா எண்ணி கைல வச்சுக்குவேன், முன்னாடி யாராச்சும் காரிமங்கலம்னு டிக்கெட் கேக்கற வரைக்கும் காத்திருந்து "எனக்கும் ஒண்ணு"ன்னு சொல்வேன். யாரும் கேக்கலன்னா கண்டக்டர் பக்கத்துல வர வர நெஞ்சு அடிச்சுக்கும்.

பேரு சொல்ல முடியாம நிக்கும்போது பத்துல எட்டு பேரு சொல்றது ஒரே வார்த்த, "என்னம்மா, பேரு மறந்துடுச்சா?" சிரிச்சுட்டே தான் சொல்வாங்க, கெட்ட எண்ணம் இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா அத சின்ன வயசுல இருந்து கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சம் நெனச்சு பாருங்க.

ஒரு விஷயம் சொல்றேன், இத எங்கூட்டுக்காரருக்கு கூட போன வருஷம் தான் சொன்னேன். காலேஜ் முதல் வருஷம், தருமபுரிக்கு தெனமும் ஒரே பஸ்ல போற பொண்ணுங்க ஆறு பேரு, வேற வேற காலேஜ், வேற வேற ஊரு. முதல் நாள் பெரியாம்பட்டி தாண்டும்போது ஒரு பொண்ணு ரொம்ப பாசமா பக்கத்துல உக்கார எடம் குடுத்து "உன் பேரு என்னப்பா"ன்னு கேட்டா. அடைச்சுக்கிச்சு. மத்தவங்களும் திரும்பி பாத்தாங்க. நான் "உமா"ன்னு சொல்லிட்டேன். எங்க குடும்பத்துலயே உமான்னு யாரும் இல்ல, வாயில வந்துச்சு, அவ்ளோதான். அப்பறம் ரெண்டு வருஷம் அந்த பஸ்ல நான் உமா தான். பொறந்த நாளுக்கு "உமா"ன்னு எழுதி ஒரு கிரீட்டிங் கார்டு குடுத்தாங்க, அத வூட்டுக்கு எடுத்துட்டு போக முடியாம புக்குக்குள்ள வச்சு ஒளிச்சு வச்சேன். அந்த எடம் குடுத்த பொண்ணுக்கு கல்யாணம் முடிவாகி பத்திரிக வைக்க விசாரிச்சு விசாரிச்சு எங்க ஊருக்கே வந்துட்டா, எங்க தெருவுல நின்னு "உமா வூடு எது"ன்னு கேட்ருக்கா, எங்கம்மாவே "அப்படி யாரும் இங்க இல்ல கண்ணு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நான் உள்ள தான் இருந்தேன், கேட்டுச்சு, வெளிய வரல. அந்த கல்யாணத்துக்கு நான் போகல, அதுக்கப்பறம் அந்த பஸ்லயும் போகல, அரை மணி நேரம் முன்னாடி போற பஸ்ல மாறிட்டேன். ஒரு நல்ல சிநேகிதத்த ஒரு பேரு சொல்ல முடியாம எழந்துட்டேன். உலகத்துல நான் ஒருத்தி தான் இப்படி பண்ணியிருப்பேன்னு நெனச்சேன், அப்பறம் தான் தெரிஞ்சுது திக்கறவங்க நெறய பேரு இப்படி வேற பேரு சொல்லியிருக்காங்கன்னு.

ஏன் திக்குதுன்னு எங்க பக்கம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. சின்ன வயசுல பயந்துட்டா, கூச்சப்படுத்தி சிரிக்க வச்சுட்டாங்க, நாக்கு தடிப்பு, நாக்கு ஒட்டிட்டு இருக்கு, மத்தவங்க திக்கறத பாத்து பழகிட்டா. எனக்கு வசம்பு சுட்டு தேன்ல கொழச்சு நாக்குல தடவியிருக்காங்க, கூழாங்கல்ல வாயில போட்டுட்டு பேச சொல்லியிருக்காங்க, நாக்குக்கு அடியில இருக்கற சதய வெட்டினா சரியாயிடும்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்ல எங்கப்பா நல்ல வேளயா கேக்கல. இது எதுவும் திக்குக்கு வைத்தியம் இல்லங்க. திக்கு நாக்குல இல்ல. பேசறதுக்கு மூள நேரம் பாத்து கட்டள அனுப்பற வேலைல இருக்கற வித்தியாசம் தான் இது, மூளய ஸ்கேன் பண்ணி பாத்ததுலயும் பேச்சுக்கான எடங்கள்ல வித்தியாசம் தெரியுது. குடும்ப வழியா வரும். 2010ல பாகிஸ்தான் குடும்பங்கள்ல ஆரம்பிச்சு ஆராய்ச்சி பண்ணவங்க மூணு ஜீன்ல மாத்தம் இருக்கறத கண்டுபிடிச்சாங்க. பயத்தால திக்கு வர்றதில்ல, திக்கறதால தான் பயம் வருது, அந்த பயம் திக்க இன்னும் கூட்டுது. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் வூட்டுக்குள்ள தெலுங்கு, தெருவுல தமிழ், ஓசூர் தாண்டினா கன்னடம்னு பேசறோம் இல்லயா, மூணு மொழி போட்டு கொழப்பினதால தான் புள்ள திக்குதுன்னு சொல்றவங்க நெறய பேரு இருக்காங்க, அதுவும் உண்மை இல்ல.

எங்க பெரிய மாமா ஒருத்தர் பாரதக் கூத்து ஆடுவாரு, துரியோதனன் வேஷம். கட கண்ணிக்கு போனா "அரை கிலோ சக்கர"ன்னு சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழால கிரீடம் கட்டி முகத்துக்கு பூசி வந்து நின்னாருன்னா விடிய விடிய பாட்டும் வசனமும் மள மளன்னு வரும், ஒரு எடத்துல தடுக்காது. ஊர்ல "சாமி அருளு"ம்பாங்க. எனக்கும் ஸ்கூல்ல தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது திக்காது, எல்லாரோடயும் சேந்து ஒப்பிக்கும்போது திக்காது, தனியா மாட்டுகிட்ட பேசும்போது திக்காது. பாட்டு, தாளம், கூட்டமா ஒரே குரல்ல பேசறது, இதுக்கெல்லாம் திக்கு விலகும், உலகம் பூரா திக்கறவங்களுக்கு இப்படித்தான். ஆனா இத தெரியாத ஒரு டீச்சர் எட்டாவதுல "பாட்டு மட்டும் நல்லா பாடுற, கேள்வி கேட்டா நடிக்கறியா"ன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாங்க. அவங்க மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. அவங்களுக்கு யாராச்சும் சொல்லியிருந்தா அப்படி பண்ணியிருக்க மாட்டாங்க, அதுக்காக தான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

பெரியவங்கள்ல நூறு பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு. ஒரு மேல்நிலைப்பள்ளில ஆயிரம் புள்ளைங்க படிச்சா பத்து பேராச்சும் இருப்பாங்க, பின்னாடி பெஞ்சுல வாய தொறக்காம உக்காந்திருப்பாங்க, டீச்சருக்கு "அமைதியான புள்ள"ன்னு தான் தெரியும். பெரியவங்கள்ல ஆம்பளைங்க நாலு பேருக்கு பொம்பள ஒருத்தின்னு கணக்கு. அதனாலயே பொம்பள திக்கறத ஜனங்க பாத்து பழகல, பாத்தா இன்னும் விசித்திரமா பாக்கறாங்க.

பொண்ணு பாக்க வந்த கதயயும் சொல்லிடறேன். முதல் தடவ வந்தப்ப எங்க அத்தைங்க எல்லாம் சேந்து எனக்கு பாடம் எடுத்தாங்க, தலய குனிஞ்சுக்க, கேட்டா ம்னு சொல்லு, சிரி, நாலு வார்த்தைக்கு மேல பேசாத. பேசல. மாப்ள வூட்டுக்கு புடிச்சு போச்சு, அடக்கமான பொண்ணுன்னாங்க. அப்பறம் அந்த பையன் போன் பண்ணாரு. போன்ல அடைச்சுக்கிட்டா எதிர்ல இருக்கறவங்களுக்கு முகம் கூட தெரியாது, வெறும் அமைதி தான், "ஹலோ ஹலோ"ன்னு கட் பண்ணுவாங்க. மூணு தடவ கட் பண்ணாரு. ஒரு வாரத்துல "மறச்சு கட்டி வைக்க பாத்தாங்க"ன்னு பேச்சு வந்து அது நின்னு போச்சு. எங்கப்பா ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரு.

ரெண்டாவது தடவ நான் சொல்லிட்டேன், இந்த தடவ நான் தான் பேசுவேன்னு. நிப்பட்டும் காபியும் குடுத்துட்டு அங்கயே உக்காந்து, பாக்க வந்தவங்கள நேரா பாத்து, "எனக்கு பேசும்போது திக்கும், சின்ன வயசுல இருந்து இருக்கு, கொஞ்சம் நேரம் ஆகும், ஆனா சொல்ல வந்தத முழுசா சொல்லிடுவேன்"னு சொன்னேன். இத சொல்லவே ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, "திக்கும்"ங்கற வார்த்தயே நல்லா திக்குச்சு. கூடம் அமைதியாயிடுச்சு. இப்ப எங்கூட்டுக்காரரா இருக்கறவரு "பரவால்லங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல"ன்னு சொன்னாரு. சொல்லி முடிச்சதும் என் உடம்புல ஒரு மூட்ட நெல்லு எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு, அதுக்கப்பறம் அன்னிக்கு பேசினதுல பாதிக்கு பாதி திக்கே இல்ல. மறைக்கறதுக்கு செலவழிக்கற தெம்பு எவ்ளோன்னு அன்னிக்கு தான் புரிஞ்சுது.

இத பத்தி ஆராய்ச்சி கூட பண்ணியிருக்காங்க. திக்கறவங்க ஆரம்பத்துலயே எனக்கு திக்கும்னு சொல்லிட்டா கேக்கறவங்க அவங்கள நல்ல விதமா எடுத்துக்கறாங்களாம். அதுலயும் "மன்னிச்சுக்கங்க, பொறுத்துக்கங்க"ன்னு கெஞ்சி சொல்றத விட, விஷயமா நேரா சொல்றது தான் நல்லதுன்னு தெரிஞ்சிருக்கு. இந்த லெட்டர படிக்கற திக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது இது தான், மன்னிப்பு கேக்காதீங்க, நாம என்ன தப்பு பண்ணோம். புது எடத்துக்கு போனா மொதல் வேலயா சொல்லிடுங்க. பேரு மட்டும் எவ்ளோ நேரம் ஆனாலும் உங்க பேரயே சொல்லுங்க, திக்கிட்டே சொல்லுங்க. கண்ண கீழ போடாதீங்க. எனக்கு அடைக்கும்போது கண்ணு தானா மூடிக்கும், கால தரைல ஒதைப்பேன், அதயெல்லாம் விட்டு எதிர்ல இருக்கறவங்க முகத்த பாக்க பழக ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கும் சில நாளு வராது.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மகளிர் குழுல சேந்தேன். தமிழ்நாட்டுலயே மகளிர் குழு மொதமொதல்ல 1989ல நம்ம தருமபுரி மாவட்டத்துல தான் ஆரம்பிச்சாங்க, சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தோட உதவில, அப்ப கிருஷ்ணகிரியும் தருமபுரியோட தான் இருந்துச்சு, 2004ல தான் தனி மாவட்டமாச்சு. எங்க குழுல ஒரு அம்மா, வயசு அறுபது தாண்டியிருக்கும், ஆரம்பத்துல இருந்து குழுல இருக்கறவங்க, கையெழுத்து போட கத்துக்கிட்டதே குழுல தானாம். முதல் கூட்டத்துல புதுசா சேந்தவங்க வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரா பேரு சொல்லணும். திக்கறவங்கள கேட்டு பாருங்க, இந்த வட்டம் தான் கொடும. நம்ம முற எப்ப வரும்னு எண்ணிட்டே இருப்போம், அஞ்சு பேரு, நாலு பேரு, மூணு பேருன்னு, மத்தவங்க சொல்றது எதுவும் காதுல விழாது, நம்மகிட்ட வரும்போது வாயி காஞ்சு போயிருக்கும். என் முற வந்துச்சு, எனக்கு திக்கும்னு சொன்னேன், பேர சொல்ல ஆரம்பிச்சேன், அடைச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த ஒரு அக்கா உதவி பண்ணறதா நெனச்சு என் பேர சொல்ல வந்தாங்க. அந்த பெரியம்மா கைய காட்டி நிறுத்தி, "அந்த பொண்ணே சொல்லட்டும், இரு"ன்னாங்க. என்ன பாத்து, "சொல்லு கண்ணு, மாடு கறக்க இன்னும் நேரம் இருக்கு"ன்னாங்க. அவ்ளோ தான் சொன்னாங்க. நான் சொன்னேன். பதிமூணு பேரும் கேட்டாங்க. இன்னிக்கு அந்த குழுவுக்கு நான் பிரதிநிதி, பேங்க்ல போய் லோன் பேசறது நான் தான், மேனேஜர் மாறும்போதெல்லாம் முதல் நாளு கொஞ்சம் கஷ்டமா இருக்கும், சொல்லிடுவேன், அப்பறம் பழகிடும்.

அந்த பெரியம்மா எந்த பயிற்சிக்கும் போனதில்ல. அவங்க பண்ணது பேர முடிச்சு குடுக்காம காத்திருந்தது தான். வார்த்தய முடிச்சு குடுக்கறது உதவி இல்லங்க, பாதி நேரம் தப்பான வார்த்தய குடுப்பீங்க, அப்ப இல்லன்னு சொல்லி மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். "மெதுவா பேசு, மூச்ச இழுத்து விடு, டென்ஷன் ஆகாத"ன்னு சொல்றதும் உதவி இல்ல, அது எங்கள இன்னும் கவனிக்க வைக்கும். போன எடுத்து பாக்காதீங்க, பாவம்னு முகத்த திருப்பிக்காதீங்க. சாதாரணமா ஒருத்தர் பேசினா எப்படி பாப்பீங்களோ அப்படி பாத்துட்டு இருங்க, எப்படி சொல்றோம்னு இல்லாம என்ன சொல்றோம்னு கேளுங்க.

டீச்சருங்களுக்கு தனியா சொல்லணும். திக்கற புள்ளய "நீ உக்காரு கண்ணு, நீ சொல்ல வேணாம்"னு விட்டுடறதும் சரியில்ல, அது பாசத்துல தான் பண்றீங்க, ஆனா மத்த புள்ளைங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சுடும் இவன் சேத்தி இல்லன்னு. திட்டறதும் விட்டுடறதும் ரெண்டும் வேணாம். முன்னாடியே தனியா கூப்ட்டு கேளுங்க, நீ எப்ப சொல்ற, மொதல்லயே சொல்லிடறியா, பக்கத்துல இருக்கறவனோட சேந்து சொல்றியான்னு. ரோல் நம்பர் வரிசைல இல்லாம யாரு வேணா எந்திரிச்சு சொல்லலாம்னு விட்டாலே பாதி பாரம் கொறஞ்சுடும். யாராச்சும் சிரிச்சா அங்கயே நிறுத்துங்க, அப்பறம்னு விடாதீங்க. "திக்குவாய்", "கொன்னவாயி"ன்னு பட்டப்பேரு முதல் வாரத்துல ஒட்டிக்கிட்டா பத்தாவது முடிக்கற வரைக்கும் போகாது, எனக்கு போகல.

இப்ப என் பையன் விஷயத்துக்கு வரேன். மூணு வயசுல நல்லா பேசிட்டு இருந்தான், தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல "அம் அம் அம்மா"ன்னு ஆரம்பிச்சான். அன்னிக்கு நான் சமயல்கட்டுல உக்காந்து அழுதேன், என்னால தான் வந்துச்சுன்னு. எங்க மாமியார் வசம்பு எடுத்துட்டு வந்தாங்க, அவங்களுக்கு தெரிஞ்ச வைத்தியம் அது, பாசம் தான். நான் வேணாம்னுட்டேன். ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருபது புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு இப்படி திக்கு வரும், அதுல நாலுல மூணு பங்கு புள்ளைங்களுக்கு தானா போயிடும். ஆனா குடும்பத்துல யாருக்காச்சும் இருந்தாலோ, ஆறு மாசம் ஒரு வருஷம்னு நீண்டாலோ, புள்ள பேசறதுக்கே கஷ்டப்பட்டு முகத்த சுளிச்சாலோ சும்மா காத்திருக்க கூடாது, பேச்சு பயிற்சி குடுக்கறவங்கள பாக்கணும், சின்ன வயசுலயே பாத்தா பலன் அதிகம். எங்க வூட்ல இப்ப அவன "மெதுவா பேசு"ன்னு யாரும் சொல்றதில்ல, நாங்க மெதுவா பேசறோம், அவன் முடிக்கற வரைக்கும் எங்கூட்டுக்காரர் டிவி சத்தத்த கொறச்சு வச்சுட்டு உக்காந்திருப்பாரு.

எங்க போறதுன்னு கேப்பீங்க. இந்த எடத்துல தான் நம்ம மாவட்டத்துக்கு கஷ்டம். பேச்சு பயிற்சி குடுக்கறவங்க கிராமத்து பக்கம் கெடயாது. 2013ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே.ன்னு புள்ளைங்க உடல்நலத்துக்கான மத்திய அரசு திட்டத்துல டாக்டருங்க குழு வருஷத்துக்கு ரெண்டு தடவ அங்கன்வாடிக்கும் ஒரு தடவ அரசு பள்ளிக்கும் வரணும், பதினெட்டு வயசு வரைக்கும் புள்ளைங்கள பாத்து தேவப்பட்டா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பணும். அவங்க வரும்போது கண்ணு, பல்லு, எடைன்னு பாத்துட்டு போயிடுவாங்க, எம்புள்ளைக்கு பேச்சு திக்குதுன்னு தாய்மாருங்க வாய தொறந்து சொல்லணும், சொல்லி எழுதி வாங்கணும். பெங்களூருல நிம்ஹான்ஸ்னு மனநல, நரம்பு ஆஸ்பத்திரில பேச்சு பிரிவு இருக்கு, ஓசூர்ல இருந்து பஸ்ஸே போகுது. மைசூர்ல அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965ல இருந்து இருக்கு, இந்தியாவுல இதுக்குன்னே இருக்கற பெரிய எடம் அது, நாங்க அங்க தான் போனோம். தினக்கூலிக்கு போறவங்க வாரா வாரம் மைசூர் போக முடியுமா? கிருஷ்ணகிரிலயும் தருமபுரிலயும் இருக்கற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில திக்குக்குன்னு வாரத்துல ஒரு நாளாச்சும் பேச்சு பயிற்சிக்கு ஒதுக்கணும், வட்டார அளவுல மாசத்துக்கு ஒரு தடவயாச்சும் வரணும்னு உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

சட்டத்துலயும் ஒரு கொற இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை போட்ருக்காங்க, பேச்சு மொழி குறைபாடுன்னும் ஒண்ணு இருக்கு, ஆனா உதாரணத்துக்கு குரல்வளய எடுத்தவங்களயும் மூள பாதிப்பால பேச்சு போனவங்களயும் தான் எழுதியிருக்காங்க, திக்குன்னு ஒரு வார்த்த இல்ல. எனக்கு சலுக வேணாங்க. வாய்மொழி தேர்வுலயும் இன்டர்வியூலயும் கூடுதலா அஞ்சு நிமிஷம் குடுத்தா போதும். நான் டிகிரி முடிச்சுட்டு ஒரு கம்பெனி இன்டர்வியூக்கு போனேன், எழுத்து பரிட்சைல நல்ல மார்க்கு, உள்ள போனதும் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னாங்க, பேருல அடைச்சுக்கிச்சு, இருபது செகண்டு இருக்கும், "ஓகேம்மா, சொல்லி அனுப்பறோம்"னு ஃபைல மூடிட்டாங்க. அதுக்கப்பறம் நான் வேற கம்பெனிக்கு எழுதி போடவே இல்ல.

அக்டோபர் 22ஆம் தேதி உலகம் பூரா திக்கு விழிப்புணர்வு நாள், 1998ல இருந்து நடக்குது. அன்னிக்கு உங்க பேப்பர்ல ஒரு பக்கம் ஒதுக்குங்க, நம்ம மாவட்டத்து திக்கற ஆளுங்களே எழுதட்டும். இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்னு திக்கறவங்களே நடத்தற அமைப்பு இருக்கு, ஊர் ஊருக்கு கூடி பேசி பழகறாங்க, நம்ம பக்கமும் அப்படி ஒரு கூட்டம் போட எனக்கு ஆச, நாலு பேரு சேந்தா போதும், எங்க குழு கூடற கட்டடத்துலயே எடம் இருக்கு.

போன வாரம் பையன அட்மிஷனுக்கு கூட்டிட்டு போனோம். மேடம் அவன பாத்து "உங்க பேரு என்ன சார்"னு கேட்டாங்க. அவன் ஆரம்பிச்சான், முதல் எழுத்து நாலஞ்சு தடவ வந்துச்சு, எங்க மாமியார் பொறுக்க முடியாம வாய தொறந்தாங்க, நான் அவங்க கைய புடிச்சுக்கிட்டேன். மேடம் பேனாவ கீழ வச்சுட்டு அவனயே பாத்துட்டு இருந்தாங்க. சொல்லி முடிச்சான். அப்பறம் கேக்காமலே "எங்கூட்ல கன்னுக்குட்டி இருக்கு"ன்னு அதயும் சொன்னான். அந்த மேடம் மாதிரி எல்லா கிளாஸ்லயும் இருக்கணும்னு தான் இவ்ளோ தூரம் எழுதினேன்.

என் பேரும் விலாசமும் தனி பேப்பர்ல எழுதி இதோட வச்சிருக்கேன், அச்சுல போட வேணாம். எனக்கு வெக்கம் இல்ல, என் பேரு வந்தா பையன் யாருன்னு தெரிஞ்சுடும், அவனுக்கு திக்குதுன்னு ஊருக்கு சொல்றதா வேணாமான்னு அவன் வளந்து அவனே முடிவு பண்ணட்டும். முடிஞ்சா ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி இத போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.